கண்டச் சரிவுக்கு மேலே நிற்கும் நீர் நலமாக இருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? (தென்கிழக்கு அரபிக்கடலை முன்வைத்து)

கடலளவன் எழுதியது:

கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக்கு மேற்கேயும் கண்டத்திட்டு ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரை மெல்ல இறங்கி, அதற்கப்பால் சாய்வு கூடி, ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அந்தச் சரிவின் தரையில் வாழும் இறால்களையும் சுறாக்களையும் பற்றி இங்கே முன்பே நிறையப் பேசியிருக்கிறோம். நான் இப்போது கேட்பது தரைக்கும் அலைக்கும் நடுவே நிற்கும் நீரைப் பற்றி. அதுவும் ஒரு வாழிடம்தான். ஆனால் அதன் நலத்தை மதிப்பிடுங்கள் என்று சொன்னால் எங்கே தொடங்குவது என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது.

பவளத்திட்டு என்றால் உயிருள்ள பவளம் எத்தனை விழுக்காடு என்று கயிறு போட்டு எண்ணிவிடலாம். கடற்புல் என்றால் ஒரு சதுர மீட்டருக்குள் எத்தனை குருத்து என்று கணக்கெடுக்கலாம். நீருக்கு அப்படி வேலி கிடையாது. இன்று கொல்லத்துக்கு நேரே இருக்கும் நீர் சில வாரங்களில் வேறெங்கோ போய்விடும்; அதில் மிதந்த உயிர்களும் கூடவே போய்விடும். ஆகவே ஓர் இடத்தில் ஒரு நாள் எடுத்த அளவை வைத்துக்கொண்டு "நலம்" என்றோ "நலமில்லை" என்றோ எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த நீரில் மாறாமல் இருப்பது அதன் தாளம் மட்டுமே என்பது என் கருத்து: அந்தி சாயும்போது உயிர்கள் மேலே ஏறுவதும் விடியும்போது கீழே இறங்குவதும், தென்மேற்குப் பருவக்காற்றோடு குளிர்ந்த அடிநீர் மேலெழுவதும் பின்பு அடங்குவதும் ஆகிய இரண்டு தாளங்கள். அவை முறையாக நடக்கின்றனவா என்று பார்ப்பதே மதிப்பீடாக இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் இதை மறுத்தோ திருத்தியோ எழுதினால் நன்றியுடையவனாவேன்.

ஆழிமாணவி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் தாளத்தை அளக்கக் கப்பல் வேண்டும், பல ஆண்டு வேண்டும். செயற்கைக்கோள்கள் பச்சையத்தின் அளவை 1997 முதல் ஏறக்குறைய இடைவிடாமல் தந்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டின் ஓஷன்சாட் வரிசையும் அதற்கென்றே கடல்நிற உணரியைச் சுமந்து செல்கிறது. தாவர மிதவையுயிரிகள்தான் உணவுச் சங்கிலியின் அடி என்னும்போது, அந்தப் படங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்ளக் கூடாதா? மேலும் 2012இல் வந்த பெருங்கடல் நலக் குறியீடு நூற்றுக்கு இத்தனை என்று நாடுவாரியாக மதிப்பெண் தருகிறதே, அதையே சரிவுப் பகுதிக்கு இறக்கிப் பயன்படுத்த முடியாதா?

கடலளவன் எழுதியது:

அம்மா, செயற்கைக்கோளை நான் ஒதுக்கவில்லை. ஆனால் நம் பகுதிக்கு அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, அடிநீர் மேலெழுந்து கடல் மிகுதியாக விளைகிற ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் வானம் மூடிக்கிடக்கும். அறுவடை நடக்கும் வேளையில் கண்ணைக் கட்டிவிட்டு, வயல் வெறுமையாக இருக்கும்போது திறந்துவிடுவது போன்ற நிலை அது. இரண்டாவது, மழைக்காலம் அல்லாத மாதங்களில் பச்சையத்தின் உச்சம் மேற்பரப்பில் இருப்பதில்லை. பல பத்து மீட்டர் கீழே, ஒளியும் ஊட்டச்சத்தும் சந்திக்கிற அடுக்கில் இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு மேலடுக்கு மட்டுமே தெரியும்.

பெருங்கடல் நலக் குறியீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஒரு நாட்டின் முழுப் பொருளாதாரக் கடல் மண்டலத்துக்கும் சேர்த்து, கடல் மனிதருக்குத் தரும் பயன்களைப் பத்து இலக்குகளாகப் பிரித்து மதிப்பிடுவது. சுற்றுலாவும் கரையோர வாழ்வாதாரமும் அதில் அடங்கும். அந்தக் கணக்கு அதன் நோக்கத்துக்குச் சரிதான். 400 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர் அதில் கரைந்து காணாமல் போய்விடும்.

நீர்வேதி எழுதியது:

தாளம் என்று தொடங்கியது நல்ல தொடக்கம். ஆனால் ஆக்சிஜனைப் பேசாமல் அரபிக்கடலைப் பேச முடியாது.

நான் ஆய்வுக்கப்பலில் முதன்முதலாகச் சென்றபோது எனக்குத் தந்த வேலை, வெவ்வேறு ஆழங்களிலிருந்து வரும் நீரைக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி புகாமல் நிரப்பி, மாங்கனீசு கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்ப்பது. பத்து மீட்டர் ஆழத்து நீரில் அவற்றைச் சேர்த்தவுடன் காய்ச்சிய தேயிலையைப் போன்ற அடர்ந்த பழுப்பு நிறத்தில் வீழ்படிவு உண்டாகி மெல்ல அடியில் தங்கும். 300 மீட்டர் ஆழத்துக் குப்பியில் அதையே சேர்த்தால் நிறமே வராது. கஞ்சித் தெளிவைப் போல மங்கிய வெண்மையும், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற சிறு பழுப்புச் சாயலும் இருக்கும். ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பழுப்பு. இரண்டு குப்பிகளையும் ஒரே தாங்கியில் அருகருகே வைத்துப் பார்த்த அந்த இரவில்தான், 300 மீட்டர் தொலைவுக்குள் எப்படிப்பட்ட இரண்டு உலகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எனக்கு விளங்கியது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. வேறு கடல்களில் லிட்டருக்கு இத்தனை மில்லிலிட்டருக்குக் கீழே போனால் வாழிடம் சீர்கெட்டது என்று ஓர் எல்லைக்கோடு வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டை அப்படியே எடுத்துவந்து அரபிக்கடலில் வைத்தால், ஏறத்தாழ 150 மீட்டர் தொடங்கி 1000 மீட்டர் வரையுள்ள நீர் முழுவதும் செத்துப்போனது என்று எழுத வேண்டியிருக்கும். அது செத்த நீரல்ல. மிக நெடுங்காலமாக இயற்கையாகவே ஆக்சிஜன் குறைந்த நீர். அதற்குப் பழகிய உயிர்கள் அதில் இருக்கின்றன. மிக்டோபிட் என்று நாம் சொல்லும் விளக்குமீன்களில் சில இனங்கள் பகல் முழுவதும் அந்த அடுக்கிலேயே தங்குகின்றன. பெரிய வேட்டைமீன்களால் அங்கே நெடுநேரம் மூச்சுவிட முடியாது என்பதால் அது அவற்றுக்கு ஒரு மறைவிடமாகவும் பயன்படுகிறது.

ஆகவே ஆக்சிஜன் குறைவாக இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் குறைவு மண்டலத்தின் கூரை எந்த ஆழத்தில் நிற்கிறது, அந்தக் கூரை ஆண்டுக்கு ஆண்டு மேலே வருகிறதா என்பதைக் கேட்க வேண்டும். அதிலும் எச்சரிக்கை தேவை. இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வு நேர்நிலையில் (பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகவும் கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருக்கும் நிலையில்) வலுவாக இருந்த 1997 போன்ற ஆண்டுகளில், மேற்குக் கரையை ஒட்டி ஆக்சிஜன் குறைந்த நீர் வழக்கம்போல மேலேறி வருவதில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆண்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டை ஒப்பிட்டால், எந்தக் கேடும் நிகழாமலே பெரிய கேடு நிகழ்ந்ததாகத் தோன்றும். மறுதலையாக, உண்மையான கேடு ஒன்று அந்த நல்ல ஆண்டின் மறைவில் தெரியாமலும் போகலாம்.

தூத்தூர்ப் பிள்ளை எழுதியது:

ஐயாமார்களுக்கு வணக்கம். நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. அப்பா, சிற்றப்பாக்கள் எல்லாரும் ஆழ்கடலில் சுறாவுக்கும் கேரைக்கும் (சூரை மீன்) ஆயிரங்கால் தூண்டில் போடுகிறவர்கள். நானும் எட்டு ஆண்டுகள் கொச்சியிலிருந்து சென்றிருக்கிறேன். எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. சில ஆண்டுகளில் சரிவை ஒட்டிய இடங்களில் கேரை மிக மேலாகவே கிடைக்கிறது; தூண்டிலை அதிக ஆழத்துக்கு விட வேண்டியதே இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் எங்களுக்கு நல்ல பாடு, அதாவது நல்ல மீன்வரத்து, கிடைக்கும். பாடு நன்றாக இருக்கும்போது கடல் நலமாக இருக்கிறது என்றுதானே பொருள்? பின் எதற்கு இத்தனை அளவை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய அந்தி ஏற்றத்தை நாங்கள் எக்கோ சவுண்டரில் (ஒலியனுப்பி ஆழம் காட்டும் கருவி) நாள்தோறும் பார்க்கிறோம். பகலில் நூற்றைம்பது இருநூறு பாகத்தில் (ஒரு பாகம் என்பது ஆறு அடி) ஒரு தடித்த பட்டை கிடக்கும். பொழுது அடையத் தொடங்கியதும் அது அடுப்புப் புகை எழுவதைப் போல மேலே வரும். இரவு படகில் விளக்கைப் போட்டால் ஓரத்தில் கணவாய் வந்து நிற்கும். அதன் வயிற்றைக் கீறினால் விரல் நீளத்தில் சிறு மீன்கள், பக்கவாட்டில் வரிசையாகப் புள்ளிகளோடு இருக்கும்.

கடலளவன் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது. நிதானமாக விடை எழுதுகிறேன்.

கேரைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். ஆக்சிஜன் குறைந்த அடுக்கின் கூரைதான் அதன் வீட்டுக்குத் தரை. அந்தக் கூரை 150 மீட்டரில் இருந்தால் அதற்கு 150 மீட்டர் உயரமுள்ள வீடு இருக்கிறது. அதே கூரை 80 மீட்டருக்கு வந்துவிட்டால் வீட்டின் உயரம் பாதிக்கு வந்துவிடும். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அதே பாதிக்குள் நெருங்கி நிற்பார்கள். அப்போது தூண்டில் போடுகிறவருக்குப் பாடு கூடும். மீன் பெருகியதால் கூடிய பாடு அல்ல அது. மீனுக்கு ஒதுங்க இடமில்லாமல் போனதால் கூடியது. வெப்பமண்டல வடகிழக்கு அட்லாண்டிக்கில் நீல மார்லின் என்னும் கொப்பரான் வகைக்கு 1960 முதல் 2010 வரையிலான காலத்தில் இப்படி வாழும் நீர் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்திருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே பாட்டை மட்டும் வைத்துக் கடலின் நலத்தை எழுதினால், வீடு சுருங்குகிற ஆண்டுக்கே அதிக மதிப்பெண் போட்டுவிடுவோம்.

உங்கள் கணக்கு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எத்தனை மீன் என்பதோடு எத்தனை பாகத்தில் அகப்பட்டது என்பதும் எழுதப்பட்டிருந்தால், அது ஆக்சிஜன் உணரிக்கு அடுத்தபடியான சான்று.

வலைக்கண் எழுதியது:

நான் விலங்கு மிதவையுயிரிகளைப் பிரித்தெடுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன். பழைய தரவு இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டால் போதுமே என்று பலர் எளிதாகச் சொல்வதால் அதைப் பற்றிச் சிறிது எழுத வேண்டும்.

1959 முதல் 1965 வரை நடந்த அனைத்துலக இந்தியப் பெருங்கடல் பயணத்தின்போது பல நாட்டுக் கப்பல்கள் ஒரே அளவான வலையைக் கொண்டு மாதிரிகள் எடுத்தன. அவற்றைப் பிரித்து எண்ணுவதற்காகவே கொச்சியில் இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் அமைந்தது. அந்த உழைப்பை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்பதைச் சொற்களில் சொல்ல இயலாது. ஆயினும் அந்த வலை 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்குச் செங்குத்தாக இழுக்கப்பட்டது. நீர்வேதி ஐயா சொன்ன குறைவு மண்டலம் தொடங்கும் இடத்தோடு அந்த வலையின் எல்லை முடிந்துவிடுகிறது. மேலும் இரவில் இழுத்த வலையில், கீழிருந்து ஏறிவந்த உயிர்களும் சேர்ந்து விழும். பகலில் இழுத்ததில் அவை இருப்பதில்லை. ஆகவே இரவு மாதிரியையும் பகல் மாதிரியையும் கலந்து சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இது எனக்கு நேர்ந்தது. நான் பணியாற்றிய இடத்தில் பிற்காலத்துப் பயணம் ஒன்றின் மாதிரிகளை ஒப்பிட எடுத்தபோது, பதிவேட்டில் இடமும் ஆழமும் தெளிவாக இருந்தன. நேரத்துக்கான கட்டம் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. எழுதியிருந்த இடங்களிலும் அது இந்திய நேரமா கிரீன்விச் நேரமா என்று குறிக்கப்படவில்லை. ஐந்தரை மணி நேர வேறுபாடு என்பது பகலை இரவாக்கப் போதுமானது. பல மாதங்கள் உட்கார்ந்து எண்ணிய குப்பிகளில் பெரும்பகுதியை ஒப்பீட்டிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

இரண்டு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் மத்தி மீன்வளம் சரிந்த பின்பு 1949இல் கால்கோஃபி என்னும் திட்டத்தைத் தொடங்கி, கரையிலிருந்து சரிவைத் தாண்டி ஆழ்கடல் வரை குறிப்பிட்ட கோடுகளில் குறிப்பிட்ட நிலையங்களுக்கு இன்றுவரை திரும்பத் திரும்பச் செல்கிறார்கள். அவர்கள் வலையும் 200 மீட்டரைச் சற்றே தாண்டுவதுதான். ஆனால் ஆழத்தில் வாழும் மீன்களின் குஞ்சுகள் மேலடுக்கில் வளர்வதால், அந்தக் குஞ்சுகளை எண்ணிக் கீழே உள்ள தாய்களின் நிலையை அறிந்தார்கள். ஆக்சிஜன் குறைந்த காலங்களில் இடையாழ மீன்களின் குஞ்சுகள் சராசரியாக 63 விழுக்காடு குறைந்தன என்னும் முடிவு அந்த நீண்ட வரிசையால்தான் கிடைத்தது. இடையில் வலையும் ஆழமும் மாறியபோது அந்த மாற்றத்தைப் பதிந்து கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்பது என் போன்றவர்களுக்கு மிகப் பெரிய செய்தி.

மற்றொன்று மெக்சிகோ வளைகுடா. 2010 ஏப்ரல் 20இல் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து, ஏறத்தாழ 1500 மீட்டர் ஆழத்தில் சரிவிலேயே இருந்த கிணற்றிலிருந்து 87 நாள்கள் எண்ணெய் கசிந்தது. அதில் ஒரு பகுதி மேலே வராமல் ஏறத்தாழ 1100 மீட்டர் ஆழத்தில் ஒரு படலமாகப் பரவியது. அதன்பிறகு சேதத்தை மதிப்பிடச் சென்ற கப்பல்கள், திறந்து மூடும் வலைகளைக் கொண்டு, 1500 மீட்டர் வரை நீரை ஐந்து அடுக்குகளாகப் பிரித்து, நண்பகலிலும் நள்ளிரவிலும் தனித்தனியாக மாதிரி எடுத்தன. அடுக்குகளில் ஒன்றை 1000 முதல் 1200 மீட்டர் வரை என்று குறுகலாக வைத்ததே அந்தப் படலத்துக்காகத்தான். இதைவிட நேர்த்தியான முறை எனக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு அதே முறையில் எடுத்த மாதிரிகள் விபத்துக்கு முன்பு இல்லை. காயம் பட்ட பிறகு எடுத்த அளவையே தொடக்கமாகக் கொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. நம் சரிவுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதே என் கவலை.

ஆழிமாணவி எழுதியது:

வலைக்கண் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு நேரக் கட்டத்தை என் வாழ்நாளில் வெறுமையாக விடமாட்டேன். ஒரு கேள்வி. வலை இல்லாமல் ஒலியைக் கொண்டே அந்தப் பட்டையை அளந்துவிட முடியாதா? ஆர்கோ மிதவைகள் போதாவா?

கடலளவன் எழுதியது:

ஒலி இன்றியமையாதது, ஆனால் தனியாக நின்று சாட்சி சொல்லாது. ஆய்வுக்கப்பல்கள் பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. மீனின் காற்றுப்பையிலிருந்துதான் வலுவான எதிரொலி வருகிறது. விளக்குமீன்களில் சில இனங்களுக்கு வளர்ந்தபின் காற்றுப்பையில் கொழுப்பு நிறைந்துவிடும்; அவை எவ்வளவு இருந்தாலும் ஒலிக்குத் தெரியா. மாறாக, ஜெல்லி போன்ற சைஃபோனோஃபோர் வகைகளில் சிலவற்றுக்குச் சிறு வாயுக்குமிழ் இருப்பதால், அவை சிறிதளவே இருந்தாலும் மீன்கூட்டம் போல ஒலிக்கும். உலகில் இடையாழ மீன்கள் நூறு கோடி டன் என்று 1980இல் வலைக்கணக்கை வைத்துச் சொன்னார்கள். மலாஸ்பினா என்னும் ஸ்பானியக் கடலாய்வுப் பயணத்தின் ஒலிப்பதிவுகளை வைத்து 2014இல் அது ஏறத்தாழ ஆயிரம் கோடி டன்னாக இருக்கலாம் என்றார்கள். மீன்கள் வலையைக் கண்டு விலகுவது ஒரு காரணம். ஒலியை எடையாக மாற்றுவதில் உள்ள ஐயம் இன்னொன்று. பத்து மடங்கு வேறுபாடு இருக்கும் இடத்தில் மொத்த எடையைச் சுட்டியாக வைப்பது முறையன்று. ஆனால் பட்டை எத்தனை மணிக்கு ஏறுகிறது, எந்த ஆழத்தில் பகலைக் கழிக்கிறது என்பவற்றை ஒலி ஐயமின்றிச் சொல்லும். நான் தாளத்தைப் பற்றிக்கொள்வதற்கு அதுவே காரணம்.

ஆர்கோ மிதவைகள் 1000 மீட்டரில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி மேலே வருகின்றன. ஆக்சிஜன் உணரி பொருத்தியவை நடுக்கடலுக்குப் பெரும் பேறு. சரிவில் அவை தரை தட்டும், அல்லது நீரோட்டத்தோடு விலகிப் போய்விடும். கிளைடர் என்னும் தானியங்கி இறகுக்கலங்கள் இதற்குப் பொருத்தமானவை.

நீர்வேதி எழுதியது:

ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தாளம் கெடாமலே நலம் கெடலாம். அந்தி ஏற்றம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். ஏறுகிற உயிர்கள் மாறியிருக்கும். வடக்கு அரபிக்கடலில் 2000க்குப் பிறகு குளிர்காலங்களில் டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகளின் இடத்தைப் பச்சை நொக்டிலூக்கா என்னும் வேறொரு மிதவை நுண்ணுயிர் பெருமளவில் பிடித்துக்கொண்டதைப் பாருங்கள். குளிர்காலப் பெருக்கம் என்னும் தாளம் அப்படியேதான் இருந்தது. பெருகியது வேறு உயிர். அதை உண்பவையும் பெரும்பாலும் சால்ப் போன்ற கூழுடல் உயிர்களும் ஜெல்லிகளுமே. ஆகவே யார் ஏறுகிறார்கள் என்பதையும் பெயர் சொல்லிக் கண்டாக வேண்டும்; அதற்கு வலையும் நுண்ணோக்கியும், இயன்றால் நீரில் கரைந்திருக்கும் மரபணுத் தடயமும் வேண்டும்.

கடலளவன் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். தாளம் மட்டுமே போதும் என்று முதற்பதிவில் எழுதியது மிகை. எப்போது ஏறுகிறது என்பதை ஒலியும், எதற்குள் ஏறுகிறது என்பதை ஆக்சிஜன் கூரையும், யார் ஏறுகிறார்கள் என்பதை வலையும் சொல்ல வேண்டும். இம்மூன்றையும் ஒரே கோட்டில், கொல்லத்துக்கு நேரே 50 மீட்டரிலிருந்து 2000 மீட்டர் வரை, பருவத்துக்கு ஒருமுறை, பகலும் இரவுமாக எடுத்தாலே தொடக்கத்துக்குப் போதும். நிலையங்கள் குறைவாக இருக்கலாம். ஆண்டுகள் விட்டுப்போகக் கூடாது.

தூத்தூர்ப் பிள்ளை எழுதியது:

வீடு சுருங்கும் உவமையை அப்பாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, மேலாகக் கேரை கிடைத்த ஆண்டுகளில் ஆழத்துக்கு விட்ட தூண்டில்கள் இரையோடு அப்படியே திரும்பி வந்ததை நினைவுபடுத்தினார். எங்கள் பக்கத்துப் படகுகள் நான்கைந்தில் எக்கோ சவுண்டரின் பட்டையை நாள்தோறும் எழுதிவைக்க ஆள் இருக்கிறார்கள். என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: நிலவு முழுதாக இருக்கும் இரவுகளில் பட்டை மற்ற நாள்களைப் போல மேலே வராது.

வலைக்கண் எழுதியது:

தம்பி, நிலவைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி; ஆகவே பிறைநாளும் ஒரு கட்டமாக இருக்கட்டும். தேதி, இந்திய நேரம், படகு நிற்கும் இடம், அந்தியில் பட்டை நகரத் தொடங்கிய நேரம், பகலில் அதன் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எத்தனை பாகம் என்பவை போதும். கருவியின் அலைவரிசையை ஒவ்வொரு படகுக்கும் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கருவியை மாற்றினால் மாற்றிய நாளை மறக்காமல் எழுதுங்கள். தொடங்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. எக்கோ சவுண்டரின் ஒலிவாங்கி நீர்மட்டத்துக்கு எத்தனை அடி கீழே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் படகு கரையேற்றப்படும்போது அளந்துவிடுங்கள். திரையில் தெரிவது பெரும்பாலும் அங்கிருந்து எண்ணிய ஆழம்தான்.